மால்பெக்: மழை எட்டாத மலையடியில் விளையும் சிவப்பு ஒயின்

வெளிநாட்டுப் பேரங்காடிகளில் ஒயின் அடுக்கின் முன் நிற்பவர்கள், பிரான்சின் பெயர்பெற்ற புட்டிகளின் விலையைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளிக் கையை நீட்டும் இடத்தில், 'மால்பெக், மெண்டோசா, அர்ஜென்டினா' என்று எழுதிய புட்டி ஒன்று அநேகமாக இருக்கும். மால்பெக் என்பது திராட்சை வகையின் பெயர்; மெண்டோசா அது விளையும் மாகாணம். அந்த ஒயினைப் பற்றி இரண்டு கருத்துகள் உலவுகின்றன. விலை குறைவாக இருப்பதால் தரமும் அந்த அளவில்தான் இருக்கும் என்பது ஒன்று. உயரமான மலைப்பகுதியில் விளைந்தது என்பதாலேயே அது சிறந்தது, உடலுக்கும் நல்லது என்பது மற்றொன்று. முதல் கருத்து பெரும்பாலும் தவறு. இரண்டாவது கருத்தில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஏன் உண்மை என்பது சொல்பவருக்கே தெரிவதில்லை.

அந்த ஒயினின் சுவைக்கும் விலைக்கும் வேர் ஒன்றுதான்: மழை பெய்யாத ஒரு மலையடிவாரமும், அங்கே தண்ணீரை அளந்து கொடுக்கும் ஓர் ஏற்பாடும். அது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## 'ஒயின்' என்ற சொல்லில் உள்ள குழப்பம்

தமிழ்நாட்டில் 'ஒயின்ஷாப்' என்பது ஒயினைத் தவிர மற்ற எல்லாமும் தாராளமாகக் கிடைத்த கடையின் பெயர். அதனால் பிராந்தி, விஸ்கி, ஒயின் எல்லாம் ஒரே வகை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பிராந்தியும் விஸ்கியும் காய்ச்சி வடித்தவை. ஒயின் காய்ச்சப்படுவதே இல்லை. திராட்சைச் சாறு தானாக நொதித்து உருவாவது அது.

நொதித்தல் என்றால் என்ன என்பதைப் பனைமரம் ஏறுபவர்கள் நன்றாக அறிவார்கள். பாளையிலிருந்து சொட்டும் சாற்றைச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பிடித்தால் அது இனிப்பான பதநீராகவே இருக்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பிடித்தால், சில மணி நேரத்தில் நுரை கட்டிக் கள்ளாகிவிடும். ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று, அதை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதைத்தான் நொதித்தல் என்கிறோம். நுரையாகப் பொங்குவது அந்த வாயு.

இதிலிருந்து ஒன்று விளங்கும். சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிட்டால் சாற்றில் இனிப்பு எஞ்சாது. அப்படி இனிப்பு எஞ்சாத வகையைச் சேர்ந்ததுதான் மால்பெக். கிறிஸ்துமசுக்காகத் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் ஜாடியில் போட்டு ஊறவைக்கும் வீட்டு ஒயினைக் குடித்துப் பழகியவர்கள், முதல் வாய் மால்பெக்கை உறிஞ்சியதும் முகத்தைச் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒயின் கெட்டுவிடவில்லை, அவர்கள் எதிர்பார்த்தது வேறு பண்டம், அவ்வளவுதான். மால்பெக்கை மோந்து பார்த்தால் நாவல்பழம், கறுத்த ப்ளம் போன்ற பழுத்த பழங்களின் வாசம் வரும். மூக்கு அதை இனிப்பு என்று எண்ணிக்கொள்ளும். நாக்கில் இனிப்பு இருக்காது.

## எல்லாம் தோலில் இருக்கிறது

பன்னீர் திராட்சை ஒன்றை எடுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். வெளியே கறுப்பு, உள்ளே வெளிறிய பச்சை. ஒயினுக்குரிய கறுப்புத் திராட்சைகளும் பெரும்பாலும் அப்படித்தான். பிழிந்த சாற்றுக்கு நிறம் மிகக் குறைவு. சிவப்பு நிறம் முழுவதும் தோலிலிருந்து வருகிறது. ஆகவே சிவப்பு ஒயின் செய்பவர்கள் சாற்றைத் தனியாக வடிகட்டி எடுப்பதில்லை. தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்கவிட்டு, தோலில் இருப்பவை சாற்றில் இறங்கிய பிறகே பிழிகிறார்கள்.

தோலிலிருந்து இறங்குபவற்றில் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று அந்தோசயனின், அதாவது கருநீலமும் சிவப்பும் கலந்த நிறம் தரும் பொருள். நாவல்பழம் தின்றதும் நாக்கு ஊதாவாவது இதே குடும்பத்துப் பொருளால்தான். மற்றொன்று டானின். ஆங்கிலம் பேசுபவர்கள் இதை விளக்கப் பெரும்பாடு படுகிறார்கள். நமக்கு ஒரே சொல் போதும்: துவர்ப்பு. வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, நெடுநேரம் கொதித்த டீ ஆகியவற்றைச் சுவைக்கும்போது நாக்கு வறண்டு இழுப்பது போன்ற உணர்வைத் தருவது இந்த டானின்தான். அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணியவர்களுக்குச் சிவப்பு ஒயினின் பாதி இலக்கணம் முன்பே தெரியும் என்று சொல்லலாம்.

இப்போது ஒரு சமையலறைக் கணக்கு. ஒரு கிலோ பெரிய வெங்காயத்தை உரித்தால் ஒரு கைப்பிடித் தோல் சேரும். ஒரு கிலோ சின்ன வெங்காயத்தை உரித்தால் முறம் நிறையத் தோல் சேரும், கண்ணீரும் அதற்கேற்ப வரும். எடை ஒன்றுதான் என்றாலும், உருவம் சிறுக்கச் சிறுக்கத் தோலின் பங்கு கூடுகிறது. திராட்சைக்கும் இதே கணக்குப் பொருந்தும். பழம் சிறிதாக இருந்தால், அதே அளவு சாற்றுக்கு அதிகத் தோல் கிடைக்கும். நிறமும் துவர்ப்பும் வாசமும் கூடும். தண்ணீரைத் தாராளமாகக் குடித்த கொடியில் பழம் ஊதிப் பெருக்கும், குலையின் எடையும் கூடும், ஆனால் ஒயின் நீர்த்துப்போகும்.

சுருங்கச் சொன்னால், சிவப்பு ஒயின் என்பது திராட்சைத் தோலின் சாரம். கொடிக்குக் கிடைக்கும் தண்ணீரின் அளவே பழத்தின் உருவத்தையும், அதன் வழியாகத் தோலின் பங்கையும் பெரிதும் முடிவுசெய்கிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மெண்டோசாவைப் புரிந்துகொள்வது எளிது.

## பிரான்சில் தள்ளாடிய கொடி

மால்பெக் அர்ஜென்டினாவின் சொந்தத் திராட்சை என்று பலர் நினைக்கிறார்கள். அது தென்மேற்குப் பிரான்சைச் சேர்ந்தது. அங்குள்ள காவோர் என்ற ஊரைச் சுற்றிய பகுதியில் இன்றும் அதுவே முதன்மைத் திராட்சை. அந்த ஒயின் அவ்வளவு கறுப்பாக இருந்ததால், பழைய காலத்தில் அதற்குக் 'கறுப்பு ஒயின்' என்றே பெயர். புகழ்பெற்ற போர்தோ பகுதியிலும் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட சிவப்புத் திராட்சைகளில் மால்பெக்கும் ஒன்று.

ஆனால் அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று இந்தக் கொடிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பூக்கும் பருவத்தில் குளிரும் மழையும் வந்தால் பூ உதிர்ந்துவிடும், பிஞ்சு பிடிக்காது. ஈரம் நீடித்தால் பூஞ்சை பற்றும். 1956ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த கடும் உறைபனியில் போர்தோவிலும் காவோரிலும் ஏராளமான கொடிகள் செத்தன. போர்தோவின் உழவர்கள் பலர் மறுபடியும் நட்டபோது மால்பெக்கை விட்டுவிட்டு, அவ்வளவு தொல்லை கொடுக்காத வகைகளை நட்டார்கள்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மால்பெக் கப்பலேறியிருந்தது. சிலியில் வாழ்ந்த தொமிங்கோ ஃபாவுஸ்தினோ சார்மியெந்தோ (பின்னாளில் அர்ஜென்டினாவின் குடியரசுத் தலைவர்) ஐரோப்பியக் கொடிகளைக் கொண்டுவந்து நட வேண்டும் என்று வலியுறுத்தினார். மிஷேல் எமே பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டார். மெண்டோசாவில் வேளாண் பண்ணையும் பள்ளியும் அமைப்பதற்கான முன்மொழிவு மாகாணச் சட்டமன்றத்துக்குச் சென்ற நாள் 1853 ஏப்ரல் 17. இன்று ஆண்டுதோறும் ஏப்ரல் 17ஐ உலக மால்பெக் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். பூஜே கொண்டுவந்த கொடிகளில் மால்பெக்கும் இருந்தது. பிரான்சில் நோஞ்சானாக இருந்த பிள்ளை, காற்று மாறியதும் தேறியது.

காற்று மாறியது என்பதை இங்கே உவமையாகச் சொல்லவில்லை. மெண்டோசாவின் காற்றில் ஈரமே இல்லை.

## மலை மறைக்கும் மழை

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலே ஏறிக் குளிர்ந்து, கொண்டுவந்த நீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அதனிடம் மிச்சம் அதிகமில்லை. இப்படி மலையின் மறுபக்கம் வறண்டு கிடக்கும் நிலத்தை மழை மறைவுப் பகுதி என்கிறோம்.

மெண்டோசாவில் நடப்பதும் இதுதான், ஆனால் மலை வேறு அளவிலானது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் சிலியைக் கடந்து ஆண்டீஸ் மலைத்தொடரில் மோதுகிறது. அந்தத் தொடரின் மிக உயர்ந்த சிகரமான அக்கோன்காகுவா, சுமார் 6,960 மீட்டர் உயரத்தில், மெண்டோசா மாகாணத்திலேயே இருக்கிறது. அந்தச் சுவரைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று எலும்பாகக் காய்ந்துபோயிருக்கும். மெண்டோசா நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 முதல் 250 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஒரு வடகிழக்குப் பருவமழைப் புயல் ஒரே நாளில் இவ்வளவைக் கொட்டிவிட்டுப் போனதுண்டு.

ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சை வளராது. பிரான்சின் உழவர் ஒரு பருவத்தில் பலமுறை மருந்து தெளிக்க வேண்டியிருக்கும் நோய்களுக்கு, மெண்டோசாவின் உழவர் அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. மருந்துச் செலவு குறைகிறது, கூலிச் செலவு குறைகிறது. விலை குறைவதன் முதல் காரணம் இங்கேயே தொடங்கிவிட்டது.

இன்னொரு சேமிப்பும் உண்டு. ஃபில்லாக்சரா என்பது திராட்சையின் வேரைத் தாக்கும் அசுவினி போன்ற சிறு பூச்சி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் தோட்டங்களை அது சூறையாடியது. அதன்பின் உலகின் பெரும்பகுதியில், பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் நடுகிறார்கள். மெண்டோசாவில் அந்தப் பூச்சி இருந்தாலும், மணல் கலந்த மண்ணிலும் நீர் தேக்கிப் பாய்ச்சும் வயல்களிலும் அது பெரிதாகப் பரவவில்லை. அதனால் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கும் பழைய கொடிகள் அங்கே ஏராளமாக இருக்கின்றன.

## முறைத்தண்ணீர்

மழை இல்லை என்றால் கொடி எதைக் குடிக்கிறது? ஆண்டீஸ் உச்சிகளில் குளிர்காலத்தில் விழும் பனி, கோடையில் உருகி ஆறாக இறங்குகிறது. மெண்டோசா, துனுயான், தியாமந்தே, அதுவெல் ஆகிய ஆறுகள் அப்படி வருபவை. அந்த ஆறுகளிலிருந்து கால்வாய் வெட்டி நிலத்துக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை, ஸ்பானியர் 1561இல் நகரை நிறுவுவதற்கு முன்பே ஹுவார்பே என்ற பழங்குடி மக்கள் கடைப்பிடித்து வந்தார்கள். அந்தச் சிறு வாய்க்கால்களுக்கு அங்கே 'அசேக்கியா' என்று பெயர். இன்றும் மெண்டோசா நகரத் தெருக்களின் இருமருங்கிலும், நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் இந்த வாய்க்கால்கள் ஓடுகின்றன; தெருமரங்கள் தண்ணீர் குடிப்பது அவற்றில்தான். வானத்தை நம்பினால் அந்த ஊரில் ஒரு வேப்பங்கன்றுகூடப் பிழைக்காது.

மாகாணத்தின் மொத்தப் பரப்பில் பாசனம் பெறும் நிலம் 4 முதல் 5 சதவீதம்தான். மற்றதெல்லாம் முட்புதரும் கல்லும். ஆகவே தண்ணீரைப் பங்கிடுவது அங்கே பெரிய விவகாரம். 1884ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தண்ணீர்ச் சட்டம் இன்றும் அதற்கு அடிப்படையாக இருக்கிறது. அதன்படி தண்ணீர் உரிமை ஆளுக்கு அல்ல, நிலத்துக்கு. நிலத்தை விற்றால் உரிமையும் அதனோடு போகும், தனியாகப் பிரித்து விற்க முடியாது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதை நம் ஏரிப்பாசன ஊர்களின் பெரியவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். நீர்ப்பாய்ச்சி அல்லது மடையர் என்று நம் ஊர்களில் ஒருவர் இருந்தார். யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று முறைவைத்து மடையைத் திறந்து மூடுவது அவர் வேலை. மெண்டோசாவில் அந்த வேலையைச் செய்பவர் 'தொமேரோ' என்று அழைக்கப்படுகிறார். அவர் வந்து கால்வாய் மதகின் இரும்புப் பலகையைத் தூக்குவார். பனிநீர் கலங்கலாக ஓடிவந்து கொடி வரிசைகளுக்கு நடுவிலுள்ள சாலில் இறங்கும். மண்வெட்டியோடு நிற்பவர் ஒரு சால் நிறைந்ததும் கரையை வெட்டி அடுத்த சாலுக்குத் திருப்புவார். முறை நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில்தான் பாய்ச்ச வேண்டும். முறை முடிந்ததும் பலகை இறங்கிவிடும்; அடுத்த முறை வரும்வரை கொடி தாக்குப்பிடிக்க வேண்டும்.

ஒயினின் தரத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு மேலே பார்த்த சின்ன வெங்காயக் கணக்கில் இருக்கிறது. மழை பெய்யும் நாடுகளில், அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு அடைமழை பிடித்தால் பழம் ஊதிவிடும், வெடித்து அழுகவும் செய்யும்; உழவரால் ஒன்றும் செய்ய இயலாது. மெண்டோசாவின் உழவர் எப்போது தண்ணீர் காட்டுவது, எப்போது கொடியைத் தாகத்தில் விடுவது என்பதை ஓரளவு தாமே முடிவுசெய்கிறார். பழம் நிறம் மாறும் பருவத்தில் கொஞ்சம் பட்டினி போட்டால், பழம் சிறுத்துத் தோல் மிகும். ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே தரத்தில் பழம் வருவதால், வாங்குபவரும் ஏமாறுவதில்லை.

இதைச் சொல்லிவிட்டு வானத்தை முழுவதும் நல்லவனாகக் காட்டுவது நியாயமாகாது. அங்கே கோடையில் திடீரென இடியோடு ஆலங்கட்டி மழை வரும்; சில நிமிடங்களில் ஓராண்டு உழைப்பு தரையில் கிடக்கும். கொடி வரிசைகளின் மேல் வலை போர்த்திய தோட்டங்கள் அங்கே சாதாரணக் காட்சி. 'ஸோந்தா' என்ற வறண்ட வெப்பக்காற்று மலையிலிருந்து இறங்கிப் பூவையும் பிஞ்சையும் கருக்கும். பனிப்பொழிவு 2010 முதல் பல ஆண்டுகளாகக் குறைந்தே வருகிறது. அதாவது மதகைத் திறந்தால் வரும் தண்ணீரும் குறைகிறது.

இதுவரை பார்த்தது: மலை மழையை மறைக்கிறது, அதனால் நோய் குறைவு, அதே மலை பனியாகத் தண்ணீரைச் சேமித்துவைக்கிறது, அதனால் பாசனம் மனிதன் கையில். இனி உயரத்தின் பங்கு.

## உயரம் உண்மையில் என்ன செய்கிறது

மெண்டோசா நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குத் தெற்கே, பழைய மால்பெக் தோட்டங்களுக்குப் பேர்போன லுஹான் தே குயோ பகுதி ஏறத்தாழ 900 முதல் 1,100 மீட்டர் வரை. இன்னும் தெற்கே ஊகோ பள்ளத்தாக்கு சுமார் 900 மீட்டரில் தொடங்கி 1,500 மீட்டருக்கு மேலும் ஏறுகிறது. அதன் மேல்கோடித் தோட்டங்கள் நம் ஏற்காட்டின் உயரத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். பிரான்சின் போர்தோ கடல்மட்டத்தை ஒட்டியே கிடக்கிறது.

உயரம் கூடினால் மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: குளிர்ச்சி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. மெண்டோசா 33 டிகிரி தென் அட்சரேகையில் இருப்பது; உயரம் மட்டும் இல்லாதிருந்தால் நல்ல ஒயின் திராட்சைக்கு அது வெப்பம் மிகுந்த இடமாகவே இருந்திருக்கும். துருவத்தை நோக்கி நகர்ந்து பெற வேண்டிய குளிர்ச்சியை, மேலே ஏறிப் பெறுகிறார்கள்.

இரண்டாவது, வெயில். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்தவர்கள், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுற்றியும் முகம் கறுத்துத் திரும்பியதை எண்ணிப் பார்க்கலாம். மேலே காற்று மெலிந்திருப்பதால் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அதிகமாக வந்து விழுகின்றன. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. நம் தோல் அதற்கு எதிராகக் கறுப்பதுபோல, திராட்சையும் தன்னைக் காத்துக்கொள்ளத் தோலில் நிறப்பொருளையும் துவர்ப்பையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது. மால்பெக் இயல்பிலேயே நிறம் மிகுந்த திராட்சை. இந்த வெயிலில் அது மையாகிவிடுகிறது.

மூன்றாவதுதான் அதிகம் பேசப்படாதது, ஆனால் என் கணிப்பில் மிக முக்கியமானது: இரவின் குளிர். மாங்காய் பழுக்கும்போது புளிப்பு குறைந்து இனிப்பு கூடுவதைப் பார்க்கிறோம். அந்தப் புளிப்பு எங்கே போகிறது? காய் உயிரோடு இருக்கும்வரை அது சுவாசிக்கிறது. சுவாசத்துக்கு எரிபொருளாகத் தன் அமிலத்தையே செலவழிக்கிறது. வெப்பம் கூடினால் செலவும் வேகமாகிறது. இரவும் வெக்கையாக இருக்கும் ஊரில், திராட்சை பகல் முழுவதும் சர்க்கரை சேர்த்து, இரவு முழுவதும் புளிப்பை எரித்துவிடும். முடிவில் கிடைப்பது தித்திப்பு மட்டும் மிஞ்சிய சப்பைச் சாறு. மெண்டோசாவின் உயரமான தோட்டங்களில் பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கும். காற்றில் ஈரமோ மேகமோ இல்லாததால், பொழுது சாய்ந்ததும் நிலத்தின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. இரவில் சுவாசம் மெதுவாகிறது, அமிலம் காப்பாற்றப்படுகிறது. பழம் முழுதாகப் பழுத்தும் புளிப்பு உயிரோடு நிற்கிறது. ரசத்தில் புளி குறைந்தால் மிளகும் சீரகமும் எவ்வளவு போட்டும் எடுபடாததுபோல, ஒயினில் அமிலம் இல்லாவிட்டால் மற்ற எந்தச் சுவையும் எடுபடாது.

உயரத்தில் நட்டவர்கள் இதை ஒரே நாளில் கண்டுகொள்ளவில்லை. மெண்டோசாவின் ஒயின் தயாரிப்பாளர் நிக்கோலாஸ் கத்தேனா சாபாத்தா 1990களின் தொடக்கத்தில் ஊகோ பள்ளத்தாக்கின் குவால்தாஜாரி பகுதியில், ஏறத்தாழ 1,450 மீட்டரில் கொடி நட்டபோது, அங்கே சிவப்புத் திராட்சை பழுக்காது என்று சொன்னவர்களே அதிகம். கால்வாய்த் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்பதும் தடையாக இருந்தது. ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீர்க் குழாயும் வந்த பிறகே மேட்டுநிலங்கள் தோட்டங்களாயின.

ஆகவே 'உயரமான இடம்' என்பது தன்னளவில் தரச்சான்று ஆகாது. உயரம், வறட்சி, தெளிந்த வானம் மூன்றும் சேர்ந்தே வேலை செய்கின்றன. மழையும் மேகமும் மூடிய மலை ஒன்றில் அதே உயரத்தில் மால்பெக்கை நட்டால், பிரான்சின் பூஞ்சைக் கதைதான் திரும்ப நடக்கும். உயரத்து வெயிலில் தோலின் சத்து கூடுவதால் அந்த ஒயின் உடம்புக்கு மருந்து என்ற பேச்சும் இங்கிருந்து கிளம்பியதே. ஆல்கஹாலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் அறிவித்தது; மலையில் விளைந்த திராட்சைக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை.

## அப்படியானால் விலை ஏன் குறைவு?

நோய் மருந்துச் செலவு குறைவு என்பதையும், ஆண்டுக்காண்டு பழத்தின் தரம் பெரிதாக மாறாது என்பதையும் பார்த்தோம். மற்றவை வரலாற்றிலும் பணக்கணக்கிலும் இருக்கின்றன.

தலைநகர் புவனோஸ் அய்ரசிலிருந்து இருப்புப்பாதை 1885இல் மெண்டோசாவை எட்டியது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்து குடியேறிய லட்சக்கணக்கானோர் தலைநகரில் இருந்தார்கள். சாப்பாட்டோடு ஒயின் குடிப்பது அவர்களுக்கு நாம் மோர் குடிப்பதுபோல. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அர்ஜென்டினாவில் ஓர் ஆள் ஆண்டுக்குச் சுமார் 90 லிட்டர் ஒயின் குடித்தார். அந்தத் தேவைக்காகக் கட்டப்பட்ட பெரும் தோட்டங்களும் தொட்டிகளும் ஏற்கெனவே இருந்தன. பிறகு குடிப்பழக்கம் மாறி உள்நாட்டுத் தேவை சரிந்தது. 1980களில் ஏராளமான மால்பெக் கொடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. எஞ்சியவர்கள் வெளிநாட்டுச் சந்தையைப் பார்த்தார்கள்.

1991 முதல் 2001 வரை ஓர் அர்ஜென்டினப் பெசோ ஓர் அமெரிக்க டாலருக்குச் சமம் என்று சட்டத்தால் கட்டிவைக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டுகளில் வெளிநாட்டு இயந்திரங்களும் ஓக் மரப் பீப்பாய்களும் வாங்குவது எளிதாக இருந்தது. விற்பது கடினமாக இருந்தது. 2002 ஜனவரியில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. சில மாதங்களில் ஒரு டாலருக்கு மூன்று பெசோவுக்கு மேல் என்றானது. நாட்டு மக்களின் சேமிப்பு கரைந்துபோன கொடுமையான காலம் அது. ஆனால் பெசோவில் கூலி கொடுத்து டாலரில் விற்ற ஒயின் ஆலைகளுக்கு, தங்கள் சரக்கை உலகச் சந்தையில் மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது. மால்பெக் உலகம் முழுவதும் அறிமுகமானது அந்தப் பத்தாண்டில்தான். இன்று மெண்டோசாவின் புகழுக்கு மலையும் பனியும் பாதிக் காரணம் என்றால், ஒரு நாணயத்தின் வீழ்ச்சி மீதிக் காரணம் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

இந்தியாவில் இதே புட்டி மலிவாகத் தெரியாததற்குக் காரணம் மெண்டோசா அல்ல. இறக்குமதி ஒயினுக்கு இங்கே நெடுங்காலமாக 150 சதவீதச் சுங்கவரி இருந்து வந்தது. அதன் மேல் மாநில வரிகள் வேறு.

## புட்டியின் மேல் எழுதியிருப்பது

'மெண்டோசா' என்று மட்டும் எழுதியிருந்தால், பழம் மாகாணத்தின் எந்தப் பகுதியிலிருந்தும் வந்திருக்கலாம். மலிவான புட்டிகளில் பெரும்பாலும் 600, 700 மீட்டர் உயரமுள்ள கிழக்குச் சமவெளியின் பழம் கலந்திருக்கும். அங்கே வெப்பம் அதிகம், விளைச்சலும் அதிகம். நம் திராட்சைப் பந்தலைப் போலவே உயரமான பந்தலில் கொடியைப் படரவிடும் முறையை அங்கே நிறையக் காணலாம்; அதை 'பார்ரால்' என்பார்கள். 'லுஹான் தே குயோ' என்றோ 'ஊகோ பள்ளத்தாக்கு' என்றோ குறிப்பிட்டிருந்தால், மேலே சொன்ன உயரத்தின் வேலையை அந்தப் புட்டியில் எதிர்பார்க்கலாம். சற்று விலை கூடும், என் அளவில் அந்தக் கூடுதல் தகும். 'ரிசர்வா' என்ற சொல் சிவப்பு ஒயினுக்கு வந்தால் குறைந்தது 12 மாதம் முதிரவிட்டதாகப் பொருள். பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் மால்பெக் வாங்கிய ஓரிரு ஆண்டுகளில் திறக்க வேண்டியது. பரணில் போட்டு வைத்தால் மதிப்புக் கூடும் என்பது தவறான நம்பிக்கை.

ஊற்றியதும் கண்ணாடிக் குவளையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். நடுவில் மை போன்ற கறுப்பு இருக்கும். விளிம்பில் மட்டும், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மெல்லிய வளையம் தெரியும். இளம் மால்பெக்கின் அடையாளம் அது. வயதாக ஆக அந்த ஊதா செங்கல் நிறத்துக்கு மாறும். குடிக்கும் வெப்பநிலையைப் பற்றி ஒரு சொல். சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கல்வீடுகளின் 16, 18 டிகிரியை மனத்தில் வைத்துச் சொன்னது. 32 டிகிரி உள்ள சென்னை வீட்டின் அறை அந்தக் கணக்கில் சேராது; அங்கே சாராய நெடிதான் முன்னால் வந்து நிற்கும். திறப்பதற்கு முன் புட்டியை ஒரு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பதே சரி.